கேள்விக்குறியாகப் போன கடிதம்: அஞ்சல் சேர்வர்களும் செருகுநிரல்களும் பழசாகிப்போன கையேடுகளும்

காணி உறுதி தொலைந்துபோன ஒரு குடும்பத்துக்காகத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். கல்முனையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து, முழுக்கத் தமிழில், மின்னஞ்சலில் அனுப்பினோம். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. நேரில் போனபோது அந்த அலுவலகத்தில் இருந்தவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். “இத எப்படித் தம்பி வாசிக்கிற?” என்று கேட்டார். திரை முழுவதும் கேள்விக்குறிகள். திகதியும் தொலைபேசி இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் தெளிவாக இருந்தன.

அவர் பொய் சொல்லவில்லை. நாங்களும் பிழையாக அனுப்பவில்லை. இரண்டு கணினிகளுக்கும் இடையில் இருந்த ஏதோ ஒரு மென்பொருள் தமிழைத் தின்றுவிட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி. அச்சட்டத்தின்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கேள்விக்குறிகளுக்கு யாரும் தீர்மானம் சொல்ல முடியாது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த உரிமை ஒரு சேர்வரின் அமைப்புக் கோப்பில் தடுக்கி விழுந்தால் அதை எந்த ஆணைக்குழுவிடம் முறையிடுவது?

இக்கட்டுரை அந்த இயந்திரத்தைப் பற்றியது. மின்னஞ்சல் சேர்வர் எப்படி வேலை செய்கிறது, அதில் செருகுநிரல்கள் எங்கே நுழைகின்றன, அவற்றுக்கான கையேடுகள் பழசாகும்போது யார் நட்டப்படுகிறார்கள் என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறது.

கடிதம் போகும் பாதை

மின்னஞ்சல் ஒரே தாவலில் போய்ச் சேர்வதில்லை. நீங்கள் எழுதும் செயலி அதை உங்கள் நிறுவனத்தின் சேர்வரிடம் கொடுக்கிறது. அந்தச் சேர்வர் பெறுபவரின் டொமைனுக்குப் பொறுப்பான சேர்வரைத் தேடிப் பிடித்து ஒப்படைக்கிறது. அங்கே அது ஸ்பாம் சோதனைக்கு உள்ளாகி, பெட்டியில் போடப்படுகிறது. பெறுபவர் பிறகு தன் செயலியால் அதைத் திறக்கிறார். கல்முனை உப தபாலகத்தில் போட்ட கடிதம் பிரதான அலுவலகத்துக்குப் போய், பிரிக்கப்பட்டு, இன்னொரு ஊரின் தபாற்காரரின் பையில் ஏறுவது போலத்தான்.

சேர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் மொழிக்கு எஸ்எம்டிபி என்று பெயர். ஜொனதன் போஸ்டல் அதை 1982இல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். அன்று அதற்குத் தெரிந்தவை 128 குறியீடுகள் மட்டும்: ஆங்கில எழுத்துகள், எண்கள், சில நிறுத்தக்குறிகள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் அரபுக்கும் அதில் இடமில்லை. இலங்கையில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே லேர்ன் வலையமைப்பு மின்னஞ்சலைத் தொடங்கியது 1990இல். அன்று தமிழில் மின்னஞ்சல் எழுத வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதைத் தவிர வழியில்லை.

ஒப்படைக்க முடியாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அந்த மொழியே வகுத்திருக்கிறது. மறுபக்கச் சேர்வர் 4இல் தொடங்கும் இலக்கத்தைச் சொன்னால் “இப்போது முடியாது, பிறகு வா” என்று பொருள். 5இல் தொடங்கினால் “வேண்டாம், திரும்பிப் போ” என்று பொருள். முதலாவது வகைக் கடிதத்தை அனுப்பிய சேர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பிரபலமான சேர்வர் இயல்பாக 5 நாட்கள் முயன்ற பிறகே கைவிடும்.

தமிழ் ஏறிய வண்டி

1992இல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டை வெளியிட்டார்கள். எந்த மொழியின் எழுத்தையும், படத்தையும், ஒலியையும் அந்த 128 குறியீடுகளுக்குள் பொதிசெய்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுப்பதே அதன் வேலை. பொதியின் மேல் இரண்டு சீட்டுகள் ஒட்டப்பட வேண்டும். ஒன்று, உள்ளே இருப்பது எந்த எழுத்துக் குறியீடு என்பது. மற்றது, எந்த முறையில் பொதி கட்டப்பட்டது என்பது.

“கல்முனை” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. யூனிகோடுக்கு அது ஏழு குறியீடுகள்: க, ல, புள்ளி, ம, உகரக் குறி, ன, ஐகாரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுப்பதால் மொத்தம் 21 பைட். அதை மைம் முறையான பேஸ்64இல் பொதிசெய்தால் 28 ஆங்கில எழுத்து, எண் வரிசையாகிறது. அந்த 28இல் ஒன்று மாறினாலும், மேலே ஒட்டிய சீட்டு தொலைந்தாலும், “கல்முனை” கல்முனையாகத் திறக்காது.

யூனிகோடு பரவுவதற்கு முன்பு நமக்கு வேறு வழிகள் இருந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிற்சர்லாந்தில் இருந்து கலியாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, பிறகு எல்லோருக்கும் பொதுவாக டிஸ்கி என்ற குறியீட்டு முறை என்று புலம்பெயர்ந்த தமிழர்கள் 1990களில் தமிழ் மின்னஞ்சலைக் கட்டியெழுப்பினார்கள். இலங்கையில் பாமினி எழுத்துரு ஆட்சி செய்தது. பாமினியில் அடிக்கும்போது கணினியில் பதிவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே. திரையில் மட்டும் அவை தமிழாகத் தெரியும். அதனாலேயே பழைய சேர்வர்கள் வழியாகப் பாமினிக் கடிதம் சேதமின்றிப் போனது. பெறுபவரிடம் எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இன்றும் எத்தனையோ அலுவலகக் கோப்புகளும் அச்சகக் கோப்புகளும் பாமினியில் இருக்கின்றன.

ஆகவே, தமிழ் மின்னஞ்சல் கெட்டு வரும்போது அது எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

- வெறும் கேள்விக்குறிகள்: வழியில் ஒரு மென்பொருள் தமிழே இல்லாத குறியீட்டுக்குக் கடிதத்தை மாற்றியிருக்கிறது. மூல எழுத்து அழிந்துவிட்டது. மீட்க முடியாது; திரும்ப அனுப்பத்தான் வேண்டும்.
- மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்: எழுத்து பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8ஐ வேறு குறியீடு என்று நினைத்து வாசித்திருக்கிறார்கள். மீட்கலாம்.
- வெற்றுச் சதுரங்கள்: கடிதத்தில் பிழையில்லை. பார்க்கும் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை.
- வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்: பெரும்பாலும் பாமினி. மாற்றி ஒன்றில் போட்டால் யூனிகோடாகும்.

எங்கள் கடிதத்துக்கு நேர்ந்தது முதலாவது. நான்கில் மீட்க முடியாதது அது ஒன்றுதான்.

செருகுநிரல் எங்கே நுழைகிறது

அஞ்சல் சேர்வரை எழுதியவர்கள் உலகத்தின் எல்லாத் தேவையையும் முன்கூட்டி நினைத்திருக்க முடியாது. ஒரு வைத்தியசாலைக்கு ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஓர் அறிவிப்பு வேண்டும். ஒரு வங்கிக்கு எல்லாக் கடிதத்தின் பிரதியும் வேண்டும். ஒரு பத்திரிகைக்கு ஸ்பாம் தடுப்பு வேண்டும். சேர்வரின் மூல நிரலைத் திறந்து வெட்டி ஒட்டாமல், வெளியில் இருந்து இவற்றைச் சேர்க்க விடப்பட்ட வாசல்களே செருகுநிரல் இடைமுகங்கள். முக்கியமானவை நான்கு வகை.

முதலாவது, மில்டர். செண்ட்மெயில் சேர்வருக்காகப் பிறந்த இந்த முறையைப் போஸ்ட்ஃபிக்ஸ் 2006இல், தனது 2.3 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. மில்டர் தனி நிரலாக ஓடும். சேர்வர் ஒவ்வொரு கட்டத்திலும் அதனிடம் கேட்கும்: இந்த இடத்தில் இருந்து இணைப்பு வந்திருக்கிறது, இவர் அனுப்புகிறார், இவருக்குப் போகிறது, தலைப்பு இது, உடல் இது, என்ன செய்ய? மில்டர் ஏற்றுக்கொள், மறு, பிறகு வரச் சொல், சத்தமின்றி எறிந்துவிடு என்று பதில் சொல்லும். கடிதத்தைத் திருத்துவதானால் முழுக் கடிதமும் வந்து முடிந்த பிறகே திருத்தலாம்.

இரண்டாவது, ஜாவாவில் எழுதப்பட்ட அப்பாச்சி ஜேம்ஸ் சேர்வரின் முறை. அதில் மேச்சர், மெயிலெட் என்று இரண்டு சோடிச் சொற்கள். மேச்சர் “எந்தக் கடிதங்கள்” என்று பொறுக்கும். மெயிலெட் “அவற்றை என்ன செய்வது” என்று தீர்மானிக்கும். இவற்றை வரிசையாகக் கோத்துவிட்டால் அதுவே அந்த நிறுவனத்தின் அஞ்சல் விதி. ஜாவா படித்த ஒரு பட்டதாரி சில வரிகளில் தன் மெயிலெட்டை எழுதிவிடலாம்.

மூன்றாவது, டவ்கொட் போன்ற பெட்டிச் சேர்வர்களின் முறை. பின்லாந்தின் டிமோ சிரைனன் தொடங்கி 2002இல் வெளிவந்த மென்பொருள் இது. இதன் செருகுநிரல்கள் சேர்வருக்குள்ளேயே ஏறி ஓடும். வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம். செருகுநிரல் எந்தப் பதிப்புக்காகக் கட்டப்பட்டதோ அதற்கு ஒவ்வாத பதிப்பில் டவ்கொட் அதை ஏற்ற மறுத்துவிடும்.

நான்காவது, வடிகட்டிக்குள் வடிகட்டி. ஸ்பாம்அசாசின் ஒவ்வொரு கடிதத்துக்கும் புள்ளி போடும்; இயல்பான எல்லை 5 புள்ளி. அதற்குள்ளும் செருகுநிரல்கள் உண்டு. அவற்றில் ஒன்று கடிதத்தின் மொழியை ஊகிக்கும். இயல்பாக அது எல்லா மொழிகளையும் ஏற்கும். ஆனால் நிர்வாகி “எங்களுக்கு ஆங்கிலம் மட்டும்” என்று எழுதிவைத்தால், தமிழில் எழுதியதற்காகவே ஒரு கடிதம் ஸ்பாம் புள்ளி வாங்கும். யாரும் தமிழுக்கு எதிராக முடிவெடுக்கவில்லை. யாரோ எங்கோ படித்த உதாரணத்தைப் பிரதிசெய்தார், அவ்வளவுதான்.

கேள்விக்குறி நோயின் வழமையான காரணமும் இப்படிப்பட்டதுதான். கடிதத்தின் அடியில் “இது இரகசியமானது” என்ற ஆங்கில அறிவிப்பைச் சேர்க்கும் ஒரு சிறு செருகுநிரலை நினைத்துப் பாருங்கள். அது பொதியைப் பிரித்து, அறிவிப்பை ஒட்டி, திரும்பக் கட்டும்போது மேற்கு ஐரோப்பியக் குறியீட்டில் கட்டினால், அதில் இல்லாத ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி விழும். எண்கள் இரண்டு குறியீட்டிலும் இருப்பதால் திகதியும் அடையாள அட்டை இலக்கமும் தப்பிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

வரிசையும் முக்கியம். டிகேஐஎம் என்ற இலத்திரனியல் கையொப்பத்தை இட்ட பிறகு உடலைத் திருத்தினால் கையொப்பம் உடையும். 2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோரிடம் இக்கையொப்பத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. செய்திமடல் அனுப்பும் சிறிய தமிழ்த் தளங்களுக்கும் இது பொருந்தும் விடயம். திருத்தும் செருகுநிரல் முன்னே, கையொப்பமிடுவது கடைசியில். அவ்வளவு எளிய விதி, ஆனால் அதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

தமிழிலேயே முகவரி

2010இல் “.இலங்கை” என்ற தமிழ் டொமைன் முடிவு நமக்குக் கிடைத்தது. ஆனால் டொமைன் தமிழில் இருந்தாலும், அதற்கு முன்னால் வரும் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க முடிந்தது. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6531 அந்தப் பூட்டைத் திறந்தது. எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற அந்த நீட்சியைச் சேர்வர் ஆதரித்தால், இணைப்பின் தொடக்கத்திலேயே “எனக்கு இது தெரியும்” என்று அறிவிக்கும். ஜிமெயில் 2014இலும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் தனது 3.0 பதிப்பிலும் இதை ஏற்றுக்கொண்டன.

இதில் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பாதையில் உள்ள ஒரு சேர்வருக்கு இந்த நீட்சி தெரியாவிட்டால், தமிழ் முகவரியை ஆங்கிலமாக மாற்றி ஒப்பேற்ற அனுமதியில்லை. கடிதம் திரும்பி வரும். திரும்பும் அறிவிப்பில் 5.6.7 என்ற இலக்கம் இருந்தால் காரணம் இதுவே. தமிழ் முகவரி வைத்திருப்பவர் இன்றைக்கு ஓர் ஆங்கில முகவரியையும் துணைக்கு வைத்திருப்பது புத்தி.

செருகுநிரல் எழுதுவோருக்கு இங்கே இன்னொரு குழி உண்டு. “கொழும்பு” என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவோ, எகரக் குறியும் கால் குறியும் என்று இரண்டாகவோ. கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத செருகுநிரல் “இப்படி ஒருவர் இல்லை” என்று கடிதத்தைத் திருப்பிவிடும். “ஸ்ரீ” இன்னும் சிக்கல். 2005இல் யூனிகோடு 4.1 ஶகரத்தைச் சேர்த்த பிறகு அதற்கும் இரண்டு வடிவம் வந்தது. அவை தாமாகச் சமமாகாது. எங்கள் பக்கத்துப் பெயர்களில் பாத்திமா, ஃபாத்திமா இரண்டும் நடமாடுகின்றன. அந்த முடிவை இயந்திரம் எடுக்காது. ஊர் தெரிந்த ஒருவர் விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

கையேடு பழசாகும்போது

இவ்வளவு வாசல்கள் இருக்கும்போது, எந்த வாசல் எப்படித் திறக்கும் என்று சொல்லும் கையேடே உண்மையான திறப்பு. அது பழசானால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உண்மையான உதாரணங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ், மில்டரோடு எந்தப் பதிப்பு மொழியில் பேசுவது என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஆரம்பப் பதிப்புகளில் அதன் இயல்பு மதிப்பு 2. 2.6 பதிப்பில் இருந்து அது 6. ஆனால் 2 என்று எழுதச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் பல ஆண்டுகள் பிரதிக்கு மேல் பிரதியாகச் சுற்றின. அவற்றைப் பின்பற்றியவர்கள் தேவையில்லாமல் தம் சேர்வரைப் பழைய மொழியில் பூட்டிவைத்தார்கள். பிழைச் செய்தி எதுவும் தெளிவாக வராததால் காரணம் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவது, 2025 ஜனவரியில் வந்த டவ்கொட் 2.4. முந்தைய 2.3இன் அமைப்புக் கோப்பை அப்படியே வைத்து இது ஓடாது. அமைப்புக் கோப்பு எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதை அதன் முதல் அமைப்பாகவே சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்தைய காலத்து வழிகாட்டிகளை அப்படியே பார்த்து எழுதினால் சேர்வர் எழும்பாது. இது தொந்தரவுதான். ஆனால் சத்தமில்லாமல் பிழையாக ஓடுவதைவிட ஓடாமல் நிற்பது நல்லது என்ற முடிவு அதன் பின்னால் இருக்கிறது.

நல்ல முன்மாதிரியும் உண்டு. வீட்சே வெனமா தொடங்கிய போஸ்ட்ஃபிக்ஸின் கையேட்டில், பிறகு சேர்க்கப்பட்ட அமைப்புகளின் விளக்கத்தில் “இந்தப் பதிப்பில் இருந்து கிடைக்கும்” என்ற வரி இருக்கும். நிரல்களின் கையேட்டுப் பக்கங்கள் மூல நிரலுக்குள் கருத்துரையாகவே எழுதப்பட்டு அங்கிருந்து உருவாக்கப்படுகின்றன. பழைய நடத்தையை உடைக்கும் மாற்றங்கள் வெளியீட்டுக் குறிப்பில் திகதியோடு தனியாகக் குறிக்கப்படுகின்றன. 3.0இல் இருந்து, பழைய இயல்பு மதிப்பில் நீங்கள் தங்கியிருந்தால் சேர்வரே பதிவேட்டில் எழுதி எச்சரிக்கும். கையேட்டை வாசிக்காதவருக்கும் கையேடு தேடிவரும் ஏற்பாடு இது.

கடற்கோள் தந்த பாடம்

மென்பொருளை நீட்டிக்கக்கூடியதாகக் கட்டுவதும் அதற்கான ஆவணத்தைக் காப்பதும் நமக்கு அந்நியமான கதையல்ல. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று இக்கரை முழுவதும் காணாமற்போனோரின் பெயர்கள் கையெழுத்துத் தாள்களில் முகாமுக்கு முகாம் அலைந்தன. அந்நாட்களில் இலங்கை மென்பொருளாளர்கள் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் ஊடாகச் சில வாரங்களில் ஒரு திறந்தமூல மென்பொருளைக் கட்டினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் “சஹன” அதன் பெயர்.

அதுவும் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. காணாமற்போனோர் பதிவேடு, நிவாரண அமைப்புகளின் பதிவேடு, முகாம் பதிவேடு, தேவைகளின் பதிவேடு எல்லாம் தனித்தனிக் கூறுகள். அதனாலேயே அடுத்த ஆண்டில் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் அதைக் கொண்டுபோக முடிந்தது. சமூகப் பயனுக்கான திட்டமென்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான விருதை அதற்கு அளித்தது.

வளர்ச்சியோடு ஆவணச் சிக்கலும் வந்தது. பிஎச்பி மொழியில் பிறந்த சஹனவுக்குப் பைதன் மொழியில் ஈடன் என்ற இன்னொரு கிளை முளைத்தது. ஒன்றின் கையேடு மற்றதற்கு உதவாது. 2011 ஒக்ரோபரில் கூகுளின் வளாகத்தில் நான்கு திறந்தமூலத் திட்டங்களின் ஆட்கள் கூடிச் சில நாட்களுக்குள் ஒவ்வொரு கையேட்டை எழுதி முடித்தார்கள். அந்த நான்கில் சஹன ஈடனும் ஒன்று. அவசர காலத்தில் கையேடு தேடும் கைக்கு நேரமில்லை. அது அமைதிக் காலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புதுப்பித்து வைப்பது எப்படி

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து படித்து வெளியேறி, வீட்டில் இருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதும் இளைஞர்கள் இக்கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், ஒரு பள்ளிவாசல் சம்மேளனத்துக்கோ பாடசாலைக்கோ சேர்வர் வைத்துக் கொடுப்பவருக்கும் பயன்படக்கூடிய நடைமுறைகள் இவை.

1. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்தப் பதிப்புக்கானது, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று எழுதுங்கள். திகதியில்லாத கையேடு திகதியில்லாத மருந்துப் போத்தல்.
2. நிரலும் கையேடும் ஒரே களஞ்சியத்தில் இருக்கட்டும். நிரலை மாற்றி, கையேட்டை மாற்றாத திருத்தத்தை ஏற்காதீர்கள்.
3. கையேட்டில் உள்ள உதாரணங்களைத் தானியங்கிச் சோதனையில் ஓட்டுங்கள். உதாரணம் உடைந்தால் வெளியீடு நிற்க வேண்டும்.
4. நீக்கிய வசதியின் பக்கத்தை அழிக்காதீர்கள். “இது இந்தப் பதிப்போடு போய்விட்டது, இனி இதைப் பாருங்கள்” என்று வழிகாட்டிவிடுங்கள்.
5. “என்ன” என்பதோடு “ஏன்” என்பதையும் எழுதுங்கள். இந்தச் செருகுநிரல் ஏன் கடைசியில் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் அதை இடம் மாற்றமாட்டார்.
6. புதிதாக வந்த ஒருவரை வைத்து, யாரும் உதவாமல், கையேட்டை மட்டும் பார்த்து நிறுவச் சொல்லுங்கள். அவர் தடுக்கும் ஒவ்வோர் இடமும் திருத்த வேண்டிய இடம்.
7. தமிழில் மொழிபெயர்த்தால், எந்த ஆங்கிலப் பதிப்பில் இருந்து என்று குறியுங்கள். பழைய மொழிபெயர்ப்பை நம்பி நடப்பவர், மொழிபெயர்ப்பே இல்லாதவரை விட அதிகம் தவறுவார்.

இவற்றோடு ஒரு சோதனைக் கடிதத் தொகுப்பும் வேண்டும். தமிழ்த் தலைப்பு உள்ள கடிதம், தமிழ்ப் பெயர் கொண்ட இணைப்புக் கோப்பு, “கொ” இரண்டு வடிவிலும், “ஸ்ரீ” இரண்டு வடிவிலும், தமிழ் முகவரி ஒன்று. பிறகு எங்கள் ஊர்க் கடிதம் ஒன்று: மேலே அரபியில் பிஸ்மி, கீழே தமிழ், நடுவில் ஒரு சிங்களப் பெயர், கடைசியில் ஆங்கில முகவரி. இந்த நான்கு எழுத்துமுறையும் ஒரே கடிதத்தில் சேதமின்றிப் போய்ச் சேர்ந்தால் அந்தச் செருகுநிரலை நம்பலாம்.

கடிதம் அனுப்புவோர் கவனத்துக்கு

நிரல் எழுதாதவர்களுக்கும் சில பாதுகாப்புகள் உண்டு. முக்கியமான விண்ணப்பத்தை மின்னஞ்சலின் உடலில் எழுதுவதோடு பிடிஎஃப் கோப்பாகவும் இணையுங்கள். உடல் கெட்டாலும் கோப்பு பெரும்பாலும் பிழைக்கும். கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள். பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். அனுப்பிய பிரதியை, திகதியும் நேரமும் தெரியும்படி சேமித்து வையுங்கள். கடிதம் திரும்பினால் அந்த அறிவிப்பை அழிக்காதீர்கள். அதில் உள்ள இலக்கமே காரணத்தைச் சொல்லும்.

தகவலறியும் விண்ணப்பமென்றால் தகவல் அலுவலர் எழுத்து மூலம் பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஓரிரு நாளில் அந்த உறுதிப்படுத்தல் வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள், அல்லது பதிவுத் தபாலில் ஒரு பிரதி அனுப்புங்கள். அலுவலகம் “வாசிக்க முடியவில்லை” என்றால், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அவர்களது தொழில்நுட்பப் பிரிவு திருத்துவதற்கு அந்தக் கடிதம்தான் ஆதாரம்.

எங்கள் விண்ணப்பத்தைக் கடைசியில் அச்சடித்து நேரில் கொடுத்தோம். முத்திரை குத்தித் திகதியிட்ட பிரதி அந்தக் குடும்பத்திடம் இருக்கிறது. 14 வேலை நாட்கள் அன்றிலிருந்துதான் எண்ணப்பட்டன. மின்னஞ்சலில் போன மூன்று வாரமும் எந்தக் கணக்கிலும் இல்லை.